ரைசன் 2600: ப்ராசஸர் மட்டும் மாத்தினா போதுமா, எல்லாத்தையும் மாத்தணுமா?

ஈசூன்வாசி
அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். வீட்டு கம்ப்யூட்டர்ல இருக்கிறது ரைசன் 5 2600, எம்எஸ்ஐ பி450 டோமஹாக் மதர்போர்டு, ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 2666 வேகத்துல 16 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக், 550 வாட் பவர் சப்ளை. மானிட்டர் 1080பி, 144 ஹெர்ட்ஸ்.

இங்க சிங்கப்பூர்ல என்எஸ்-ல (தேசிய சேவை) இருக்கிற தம்பி வார இறுதியில முகாம்ல இருந்து புக் அவுட் ஆகி வந்தா ரெண்டு பேரும் வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 ஆடுவோம். சும்மா சுத்தும்போது நல்லா ஓடுது. ஸ்மோக் (புகைக்குண்டு) போட்டு நாலு பேர் ஒண்ணா பாய்ஞ்சா இழுக்குது. அதோட, தங்கச்சியோட பரதநாட்டிய நிகழ்ச்சிகளை போன்ல 4கே-யில எடுத்து டாவின்சி ரிசால்வ்ல வெட்டுறேன். டைம்லைன்ல ப்ளே அமுக்கினா படம் நின்னு நின்னு வருது.

கடையில கேட்டா போர்டு, ரேம், ப்ராசஸர் மூணையும் மாத்தச் சொல்றாங்க. அவ்வளவு காசு இப்ப கையில இல்ல. டாஸ்க் மேனேஜர்ல ப்ராசஸர் 45 சதவீதம்தான் காட்டுது. அப்ப கோளாறு வேற எங்கயோவா?

கேபிள்காரன்
அந்த 45-ஐ நம்பாதீங்க தம்பி. 2600-ல 6 கோர், 12 த்ரெட் (ஒரே நேரத்துல ஓடுற வேலை வரிசை). கேமோட முக்கியமான வேலை ஒண்ணு ரெண்டு த்ரெட்லயே ஓடும். ஒரு த்ரெட் முழுசா திணறினாலும் மொத்தக் கணக்குல 8 சதவீதம் சொச்சம்தான் காட்டும்.

கிராபிக்ஸ் கார்டு எத்தனை சதவீதம் வேலை செய்யுதுன்னு பாருங்க. அப்புறம் ரெசல்யூஷனை 720பி-க்கு இறக்கி அதே மேப்பை ஆடுங்க. எப்பிஎஸ் (வினாடிக்கு வர்ற ஃப்ரேம்) ஏறினா கார்டுதான் தடை. ஏறலன்னா ப்ராசஸரும் ரேமும்.

ஈசூன்வாசி
பார்த்துட்டேன் அண்ணே. கார்டு 55-ஐத் தாண்டல. 720பி-யிலயும் அதே எப்பிஎஸ்தான்.

ஜூரோங் பையன்
ப்ரோ, ஏஎம்4-ல (உங்க போர்டுல ப்ராசஸர் மாட்டுற சாக்கெட் வகை) இனிமே காசு போடாதீங்க. புது சாக்கெட்டான ஏஎம்5-க்குப் போயிடுங்க, பின்னாடி புது சிப் வந்தாலும் போட்டுக்கலாம்.

கேபிள்காரன்
காசு இருந்தா அது சரியான யோசனைதான். ஆனா ஏஎம்5-க்கு டிடிஆர்5 ரேம் மட்டும்தான் பொருந்தும். கடைக்காரர் சொன்ன அதே மூணு செலவுதான் திரும்ப வரும். போர்டு மாறினா விண்டோஸ் லைசென்ஸையும் மறுபடி ஆக்டிவேட் பண்ண வேண்டி வரலாம். தம்பி கிட்ட இருக்கிற போர்டுல இன்னும் போக இடம் இருக்கு. 2018-ல வந்த பி450-ல ரைசன் 5000 வரிசை வரைக்கும் ஓடும், பயாஸ் (போர்டுக்குள்ள இருக்கிற அடிப்படை மென்பொருள்) மட்டும் புதுசா இருக்கணும்.

2600 ஏன் திணறுதுன்னு சொல்றேன். அதுல ஆறு கோரும் மூணு மூணா ரெண்டு கூட்டமா இருக்கு, ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித்தனியா 8 எம்பி எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளயே இருக்கிற வேகமான நினைவகம்). இந்தப் பக்க கோருக்கு அந்தப் பக்கத்துத் தகவல் வேணும்னா சுத்திப் போய்த்தான் வரணும். ரைசன் 5 5600-ல ஆறு கோரும் ஒரே கூட்டம், 32 எம்பி கேஷ் பொது. நீங்க ஆடுற மாதிரி கேம்கள்ல அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். 5700எக்ஸ்3டி கிடைச்சா 8 கோர், 96 எம்பி கேஷ். ஆனா அதோட கூலர் வராது, தனியா வாங்கணும். உங்க பட்ஜெட்டுக்கு நான் 5600-தான் சொல்வேன். பேர் ஒரே மாதிரி இருக்கேன்னு 5600ஜி எடுத்துடாதீங்க, அதுல எல்3 16 எம்பிதான்.

ரேம் ஒரே ஸ்டிக்கா இருக்கிறது பெரிய இழப்பு. 3200 வேகத்துல ஜோடியா வாங்கி, ப்ராசஸர்ல இருந்து எண்ணினா ரெண்டாவது, நாலாவது ஸ்லாட்ல போடுங்க. பயாஸ்ல எக்ஸ்எம்பி (ரேமை அதோட முழு வேகத்துல ஓட வைக்கிற அமைப்பு) ஆன் பண்ணணும். பயாஸ் அப்டேட் பண்ணினா அது ஆஃப் ஆயிடும், மறக்காதீங்க. 550 வாட் போதும்.

செங்காங் அக்கா
வீடியோ பத்தி நான் சொல்றேன் தம்பி. புது ப்ராசஸர் போட்டாலும் போன்ல எடுத்த 4கே எச்இவிசி (நல்லா சுருக்கின வீடியோ வகை) ஃபைலை அப்படியே வெட்டினா திணறல் முழுசா போகாது. மீடியா பூல்ல கிளிப்பை ரைட் கிளிக் பண்ணி "ஜெனரேட் ப்ராக்ஸி மீடியா" கொடுங்க. சின்ன நகல்ல வெட்டுங்க, எக்ஸ்போர்ட் மூலத்துல இருந்தே ஆகும். இதுக்குக் காசே வேண்டாம், இன்னைக்கே செய்யலாம்.

நடன வீடியோன்னு சொன்னதால இன்னொண்ணு. போன் ஃப்ரேம் வேகத்தைக் கூட்டிக் குறைச்சுத்தான் எடுக்கும். வர்ணம் மாதிரி நீளமான நடன உருப்படின்னா கடைசியில ஜதி ஒரு பக்கம், பாதம் ஒரு பக்கம்னு ஆயிடும். முதல்ல ஹேண்ட்பிரேக்ங்கிற மென்பொருள்ல கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட்டுக்கு மாத்திட்டு அப்புறம் ரிசால்வுக்குள்ள கொண்டு வாங்க.

ஈசூன்வாசி
ரொம்ப நன்றி அக்கா, ப்ராக்ஸி போட்டதும் ப்ளே தடங்கல் இல்லாம ஓடுது! அண்ணே, 5600 வாங்கிடுறேன். நானே மாட்டலாமா?

கேபிள்காரன்
தாராளமா மாட்டலாம், வரிசை மட்டும் முக்கியம்.

பழைய சிப் இருக்கும்போதே பயாஸை அப்டேட் பண்ணுங்க. எம்எஸ்ஐ தளத்துல உங்க போர்டுக்குன்னே உள்ள ஃபைலை எஃப்ஏடி32 பென்டிரைவ்ல போட்டு பயாஸுக்குள்ள இருக்கிற எம்-ஃப்ளாஷ்ல ஏத்தணும். பேர்ல "மேக்ஸ்" இல்லாத டோமஹாக்னா பயாஸ் முகப்பு ரொம்ப எளிமையா மாறிடும், பயப்பட வேண்டாம்.

அதுக்கும் முன்னாடி பிட்லாக்கர் (டிரைவைப் பூட்டுற விண்டோஸ் வசதி) ஆன்ல இருக்கான்னு பாருங்க. பயாஸோ சிப்போ மாறினா எஃப்டிபிஎம்-ல (ப்ராசஸரோட பாதுகாப்புப் பெட்டகம்) இருக்கிற சாவி அழிஞ்சு, விண்டோஸ் 48 இலக்க ரெக்கவரி எண் கேட்கலாம். மைக்ரோசாஃப்ட் கணக்குல இருந்து அதை எழுதி வெச்சுக்கிட்டு, பிட்லாக்கரை சஸ்பெண்ட் பண்ணிட்டு ஆரம்பிங்க. இதைத் தெரியாம தங்கச்சி வீடியோ எல்லாம் பூட்டின டிரைவ்ல மாட்டிக்கிட்டா யாராலயும் எடுத்துத் தர முடியாது.

கூலரைக் கழட்டுறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் கேம் ஓட்டிச் சூடாக்குங்க, சிப்புக்கும் கூலருக்கும் நடுவுல இருக்கிற பேஸ்ட் இளகும். அப்புறம் கரன்ட்டை நிறுத்தி, திருகுகளைக் கழட்டி, கூலரை இடமும் வலமும் மெல்லத் திருப்பி எடுங்க. நேரா மேல இழுத்தா ஏஎம்4-ல சிப்பும் சாக்கெட்டை விட்டுப் பிய்ச்சுக்கிட்டு வரும், சிப்போட பின்கள் வளைஞ்சிடும். புது சிப்பை முக்கோண அடையாளம் பார்த்து வைங்க, அழுத்தவே கூடாது.

ஈசூன்வாசி
மாட்டியாச்சு அண்ணே! ரேமும் ஜோடியா போட்டாச்சு. ஸ்மோக்ல இழுக்கவே இல்ல, கார்டும் இப்ப 85-க்கு மேல வேலை செய்யுது. ஒரே ஒரு கவலை. ஏர்கான் போடாம ஃபேன் மட்டும் வெச்சு ஆடினா சிப் 78 டிகிரி காட்டுது. பழைய 2600-ஐ என்ன பண்றது?

கேபிள்காரன்
5600-க்கு எல்லை 90 டிகிரி. நம்ம ஊர் வெக்கையில, கூடவே வந்த சின்னக் கூலருக்கு 78 சரிதான். 85-ஐத் தாண்டினா கேஸ் ஃபில்டர்ல தூசி பாருங்க. 2600-ஐ புது சிப் வந்த பிளாஸ்டிக் டப்பாவுலயே வைங்க. பின்கள் தெரியுற மாதிரி படம் எடுத்து கரோசெல் விற்பனைத் தளத்துல போட்டா, பழைய ஏஎம்4 போர்டு வெச்சிருக்கிற யாராவது வாங்கிப்பாங்க.