பாளையங்கால்வாய் மேல உள்ள சின்னப் பாலம், எப்ப கட்டுனதுன்னு கண்டுபிடிக்க முடியுமா?

காலாங்கரைப் பையன்:
எங்க ஊர்ல பாளையங்கால்வாய் மேல ஒரு சின்ன கான்கிரீட் பாலம் இருக்கு, பஸ் ஏறுனா எதுத்தாப்புல வார பைக்கு நின்னு வழிவிடணும், அம்புட்டுதான் அகலம். எத்தன தடவ தார் போட்டாலும் ஒரு மழைக்காலம் முடிஞ்ச ஒடனே பாலத்து நீளத்துக்கு ஒரே கோடா கீறல் விழுந்துருது, ஸ்கேல் வச்சு கிழிச்ச மாதிரி. முன்னால மாட்டு வண்டி போற அகலந்தான் இருந்துச்சு, பொறவுதான் பெருசாக்குனாங்கன்னு ஆச்சி சொல்லுது. சுவத்துல வருஷம் ஒண்ணும் இல்ல, கட்சி வெளம்பரந்தான் இருக்கு.

பழைய சூப்பர்வைசர்:
தம்பி, அது ஒரு பாலம் இல்ல, ரெண்டு பாலம் ஒட்டிக்கிட்டு நிக்கி. பழசு அமுங்க வேண்டியது எப்பவோ அமுங்கிட்டு, பக்கத்துல சேத்த ஸ்லாபு அதுக்குப் பொறவுதான் அமுங்க ஆரம்பிக்கும், லாரி ஏறுனாலும் ரெண்டும் ஒண்ணுபோல வளையாது, அந்த இணைப்புக்கு மேலதான் தார் கிழியும். கார் சாகுபடிக்குத் தண்ணி தொறக்க முன்னால கால்வாய்க்குள்ள எறங்கி பாலத்து அடிப்பக்கத்தப் பாரு. பழைய பாதில செண்ட்ரிங் பலகையோட, அதான் கான்கிரீட் ஊத்தும்போது அடில தாங்க அடிக்கிற பலகையோட ரேகை, மரத்துக் கண்ணு கூட, அப்படியே பதிஞ்சிருக்கும். புதுசு பலகைக்குப் பதிலா தகரம் அடிச்சதுன்னா மொழுமொழுன்னு இருக்கும். சிமெண்ட் பேந்த எடத்துல கம்பியையும் பாரு, முறுக்குக் கம்பி நம்ம நாட்டுல 1960கள் வாக்குலதான் புழக்கத்துக்கு வந்துது. ஆனா அதுக்குப் பொறவும் சின்ன வேலைக்கு முறுக்கில்லாத பழைய உருட்டுக் கம்பி போட்டிருக்கோம், அத மட்டும் வச்சு முடிவு கட்டிராத.

மேலப்பாளையத்தான்:
நம்ம திருநெல்வேலி தாமிரபரணி ஆத்து மேல உள்ள சுலோச்சன முதலியார் பாலமும் இப்படித்தானே அண்ணாச்சி? 1843ல அவரு சொந்தப் பணத்துல கட்டுனது, பொறவு அகலமாக்குனாங்கல்லா.

பழைய சூப்பர்வைசர்:
அகலமாக்குனது சரிதான் வே, ஆனா அது வளைவுப் பாலம், கம்பி கட்டுன கான்கிரீட்டுக்கெல்லாம் ரொம்ப முந்தி. வளைவுல பாரம் அமுக்கமாத்தான் எறங்கும், துருப்பிடிக்க உள்ள கம்பி கெடையாது. ஸ்லாபுல அப்படி இல்ல, கம்பி துருப்பிடிச்சா உப்பி உள்ளருந்தே சிமெண்டத் தள்ளிவிட்டுரும், மேல பூசுனா நிக்காது. தம்பி, தார் மேல தார் போட்டு கைப்பிடிச் சுவரு முட்டுக்குக் கீழ போயிட்டா? அந்தக் கனத்தையும் பாலந்தான் சொமக்குது, சொரண்டிட்டுப் போடணும், ஒருத்தனும் செய்ய மாட்டான். இன்னொண்ணு, அகலமாக்கும்போது ஒரு பக்கச் சுவர ஒடச்சிருப்பாங்க, வருஷக் கல்லு அதுலதான் இருந்திருக்கும். எங்க போச்சுன்னு ஆச்சிட்ட கேளு.

காலாங்கரைப் பையன்:
கேட்டேன் அண்ணாச்சி. படித்துறைல துணி தொவைக்கிற கல்லே அதுதானாம்! பகல்ல பாத்தா ஒண்ணும் தெரியல, ராத்திரி டார்ச்ச சாய்ச்சு அடிச்சதும் 195 வரைக்கும் நெழல் விழுது, கடைசி எண்ணு தேஞ்சு போச்சு. பாலத்துக்கு அடிலயும் எறங்குனேன், கெழக்குப் பாதி பூரா பலகை ரேகை, உருட்டுக் கம்பி. கல்ல எடுத்து பத்திரமா வைக்கலாம்னு சொன்னா, அப்ப நான் எதுல தொவைக்கன்னு ஆச்சி சண்டைக்கு வருது.