மட்டக்களப்பில் ஆர்எக்ஸ்-8 வைத்து ஓடுவது சரிவருமா?

கல்லடிப் பொடியன்:
வணக்கம். கொழும்பில் ஒருவர் மஸ்டா ஆர்எக்ஸ்-8 விற்கிறார். சிவப்பு, 6 கியர் மெனுவல். சின்ன வயதிலிருந்தே ஸ்போர்ட்ஸ் கார் ஆசை. வீடு கல்லடி, வேலை கல்முனை. "இந்த ரோட்டில எதுக்கு மகன்?" என்று அப்பா கேட்கிறார். தினமும் ஓடலாமா? வைத்திருப்பவர்கள் சொல்லுங்க.

களுவாஞ்சிகுடி ரோட்டரி:
தம்பி, என்னிடம் இருப்பதும் இதே கார்தான். தினமும் கல்முனைக்குப் போய்வர மட்டும் என்றால் வாங்க வேண்டாம். காத்தான்குடியில் பேரீச்சை மரங்களுக்குப் பக்கத்தில் ஓட்டோவுக்குப் பின்னால் ஊர்ந்து, அப்புறம் ஊருக்கு ஊர் வேகத்தடை ஏறி இறங்குவீர்கள். அடிப்பாகம் உரசும், பெற்றோலும் குடிக்கும். லீட்டருக்கு 7, 8 கிலோமீட்டர் கிடைத்தால் பெரிய விஷயம்.

இந்த எஞ்சினில் பிஸ்டன் கிடையாது. முக்கோண வடிவில் இரண்டு ரோட்டர்கள் சுற்றும். கொள்ளளவு 1.3 லீட்டர்தான், ஆனால் 6 கியர் கார் 9000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 9000 சுற்று) வரை ஏறும். ரோட்டர் முனைகளில் உள்ள சீல்கள் தேயாமலிருக்க, எஞ்சினே ஒயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டு எரிக்கும். ஒயில் குறைவதைப் பழுது என்று நினைக்காதீர்கள், அதன் அமைப்பே அப்படி. பெற்றோல் செட்டில் நிற்கும்போது ஒயில் அளக்கும் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்ப்பது பழக்கமாகிவிட வேண்டும்.

இன்னொன்று. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, கேற்றடியில் பத்தடி நகர்த்திவிட்டு உடனே நிறுத்தக் கூடாது. பெற்றோல் ஸ்பார்க் பிளக்கை நனைத்துவிடும், பிறகு ஸ்டார்ட் எடுக்காது. எங்கள் வீட்டில் யார் அவசரப்படுத்தினாலும் சூடு ஏறும்வரை நான் நிறுத்த விடமாட்டேன்.

இவ்வளவும் பார்த்து ஏன் வைத்திருக்கிறேன் தெரியுமா? விடியக்காலையில் செங்கலடியால் திரும்பி, கரடியனாறு, புல்லுமலை, மகாஓயா கடந்து, பிபிலைக்கு அப்பால் லுணுகலைப் பக்கம் ஏறிப் பாருங்க. எஞ்சின் முன் அச்சுக்குப் பின்னால் இருப்பதால் எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய சரிபாதி. வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் மூக்கு உடனே திரும்பும். பின்சக்கரம் தள்ளுவது இடுப்பில் தெரியும். இரண்டாம் கியரில் ஆர்பிஎம் ஊசி 5500-ஐத் தொடும்போது வண்டு இரைவதுபோல ஒரு சத்தம், அதிர்வே இல்லை. அப்போதும் ஊருக்கு வெளியே உள்ள 70 கிலோமீட்டர் வேக எல்லைக்குள்தான் நிற்கிறீர்கள். பெரிய குதிரைவலுக் கார்களில் அந்த வேகத்தில் இந்தச் சந்தோசம் கிடைக்காது.

நீண்ட நேரான ரோட்டில் வேகமாக விட ஆசையென்றால் எங்கள் பக்கம் வேண்டவே வேண்டாம். அறுவடைக் காலத்தில் ரோட்டோரம் நெல் காயும், மாடு குறுக்கே வரும், லாகுகலப் பக்கம் யானை நிற்கும்.

அக்கரைப்பற்று நானா:
அண்ணன் சொன்னது சரி. நான் கராஜ் வைத்திருப்பவன், ஒன்று சேர்க்கிறேன். இந்த மொடல் 2012-இல் நின்றுவிட்டது. இப்போது கிடைப்பதெல்லாம் பல கை மாறியவை. ரோட்டர் ஒன்றுக்கு மூன்று முகம். ஒவ்வொன்றின் கம்ப்ரஷனையும் (உள்ளே ஏறும் அழுத்தம்) தனித்தனியாகக் காட்டும் கருவியால் பார்க்க வேண்டும், சாதாரண கேஜ் போதாது. பார்க்க விடாதவரிடம் வாங்காதீங்க. நன்றாக ஓடிச் சூடான பிறகு நிறுத்தி, உடனே ஸ்டார்ட் பண்ணுங்க. இழுத்து இழுத்துச் சுற்றினால் எஞ்சினுக்குக் காசு ஒதுக்கிக்கொண்டுதான் விலை பேச வேண்டும். பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயில் நான்கு, பிளக் நான்கு. இவற்றை எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்க. கல்லடி உப்புக்காற்றுக்கு அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவிக்கொண்டே இருக்கணும்.

பாசிக்குடா:
மஸ்டாவின் எம்எக்ஸ்-5 பார்க்கலாமே? 1989-இலிருந்து வருவது, பிஸ்டன் எஞ்சின். எந்த மெக்கானிக்கும் கை வைப்பார்.

கல்லடிப் பொடியன்:
அதில் இரண்டு பேர்தானே போகலாம்? அக்காவின் பிள்ளைகளையும் ஏற்றவேண்டி வரும். ஆர்எக்ஸ்-8-இல் பின்னால் இருக்க முடியுமா?

களுவாஞ்சிகுடி ரோட்டரி:
இரண்டு பேர் தாராளமாக இருக்கலாம், பெரியவர்களே இருக்கலாம். நடுத்தூண் இல்லை. பின்கதவு பின்பக்கமாகத் திறக்கும், ஆனால் முன்கதவைத் திறந்தால்தான் அதைத் திறக்கலாம். பிள்ளைகளை இறக்க ஒவ்வொரு தடவையும் முன்னால் இருப்பவர் கதவைத் திறந்துவிட வேண்டும். பின்கண்ணாடியும் இறங்காது, ஏசி நன்றாக வேலை செய்கிறதா என்று பார்த்து வாங்குங்க. கொழும்புக்குப் பார்க்கப் போகும்போது சொல்லுங்க, நானும் வருகிறேன்.