மாயவரம் பாசஞ்சரில் ‘என் சரித்திரம்’

இப்போது என்ன படிக்கிறீர்கள் என்று யார் கேட்டாலும் கொஞ்ச காலமாக என்னிடம் ஒரே பதில்தான்: பழைய தமிழ் ஏடுகளைத் தேடிப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரின், அதாவது உ.வே.சா.வின், சுயசரிதை ‘என் சரித்திரம்’. இன்னுமா முடியவில்லை என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். முடிக்கிற அவசரம் எனக்கில்லை. வீடு மயிலாடுதுறை (பழைய பேர் மாயவரம், மாயூரம்), வேலை தஞ்சாவூர், காலையில் பாசஞ்சரில் உட்கார இடம் கிடைத்தால் புத்தகம், கிடைக்காவிட்டால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை. 1940 ஜனவரியில் ஆனந்த விகடனில் வாரத் தொடராக ஆரம்பித்த எழுத்து என்பதால் அத்தியாயங்கள் சின்னச் சின்னதாக 122 இருக்கின்றன, நாலு ஸ்டேஷன் போவதற்குள் ஒன்று முடிந்துவிடும்.

இதில் எனக்குக் கூடுதல் சந்தோஷம், கதையில் வரும் பாதி ஊர் இந்த ரயில் பாதையிலேயே இருக்கிறது. எங்கள் மாயூரத்தில்தான் அவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் படிக்க வந்து சேர்கிறார். குத்தாலம் தாண்டி நரசிங்கன்பேட்டையில் இறங்கினால் கிட்டத்தில் அவர் பிறகு படித்த திருவாவடுதுறை மடம். (நரசிங்கன்பேட்டை என்றால் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நாகஸ்வரம்தான் முதலில் ஞாபகம் வரும், அது தனிக் கதை.) கும்பகோணத்தில் 1880லிருந்து அவர் வேலை பார்த்த கல்லூரி. பாபநாசத்துக்குப் பக்கத்தில் உத்தமதானபுரம், சொந்த ஊர். அந்த ஊர் உண்டான கதையோடுதான் புத்தகமே தொடங்குகிறது. தஞ்சாவூர் ராஜா ஒருவர் அந்தப் பக்கம் வந்தபோது ஏகாதசி என்பதை மறந்து சாப்பிட்டு வெற்றிலையும் போட்டுக்கொண்டாராம், அதற்குப் பரிகாரமாக ஒரு அக்ரகாரத்தையே கட்டித் தானம் கொடுத்தாராம். ஒரு வாய் வெற்றிலைக்கு ஒரு ஊர்! பாபநாசம் வரும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.

சரி, ரயிலில் இந்தப் புத்தகத்தால் கிடைத்த ஆட்களைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன்.

ஒருநாள் குத்தாலத்தில் ஏறிய ஒரு பெரியவர் எதிர் சீட்டில் உட்கார்ந்தார். அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தவர், முன்பின் அறிமுகம் எதுவும் இல்லாமல், “ஏம்மா, முழுசா, சுருக்கமா?” என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. உ.வே.சா.வின் மாணவர் கி.வா.ஜகந்நாதன் சுருக்கித் தந்த பதிப்பு ஒன்று இருக்கிறதே, அதுவா என்று கேட்கிறார். முழுசுதான் சார் என்றதும் எழுந்து என் பக்கத்துக்கே வந்துவிட்டார். தமிழ் வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவராம். அடுத்த கேள்வி, “செடி வந்துடுச்சா?”

படித்தவர்களுக்குத் தெரியும். மகாவித்துவான் மாயூரத்தில் தன் வீட்டுத் தோட்டத்தில் மரம் செடி வைத்திருக்கிறார், காலையில் எழுந்ததும் எதிலாவது புதுத் துளிர் விட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போவது அவர் வழக்கம். பதினாறு பதினேழு வயசுப் பையன் சாமிநாதனுக்கு அப்போது பாடம் சொல்பவர் இன்னொரு பழைய மாணவர். மகாவித்துவானிடமே நேராகப் பாடம் கேட்க வேண்டும் என்ற ஏக்கம், ஆனால் கேட்கப் பயம். பார்த்துக்கொண்டே இருக்கிறான். பிறகு அவருக்கு முன்னாலேயே எழுந்து தோட்டத்துக்குப் போய், எந்தெந்தச் செடியில் துளிர் வந்திருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு, அவர் வந்ததும் இதோ இங்கே, இதோ இங்கே என்று காட்டுகிறான். அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். அந்தத் துளிர்களைக் காட்டிக் காட்டித்தான் பையன் பேச்சுக் கொடுக்கிறான், பாடமும் நேராகக் கிடைக்கிறது. காரியக்காரப் பிள்ளை என்றும் சொல்லலாம். ஆனால் உ.வே.சா.வே அதை ஒளிக்காமல் எழுதியிருப்பதுதான் எனக்குப் பிடித்தது.

வாத்தியார் சொன்னார்: “இதை வருஷா வருஷம் கிளாஸ்ல சொல்லுவேன்மா. எங்க வீட்லயும் தோட்டம் இருந்துச்சு. ஒரு பய செடி பாக்க வரல.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஆடுதுறையில் இறங்குவதற்குள், இது முடிந்ததும் ‘என் ஆசிரியப்பிரான்’ படி, 1942இல் ஐயர் காலமானதும் தொடர் பாதியில் நின்றுபோயிற்று, மிச்ச வாழ்க்கையைக் கி.வா.ஜ. அதில்தான் எழுதியிருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

புத்தகம் முழுக்க இப்படியே இனிப்பாக ஓடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். மடத்துப் பெருமை வருகிற இடங்களில், யார் யாருக்கு என்ன செய்யுள் பாடி அனுப்பினார்கள் என்கிற இடங்களில் எனக்குக் கண் சொக்கும், நான் தாராளமாகத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறேன். ஆனால் சேலம் இராமசாமி முதலியார் வந்ததும் புத்தகம் வேறு வேகம் எடுக்கிறது. கும்பகோணத்துக்கு முன்சீபாக, அதாவது நீதிபதியாக, வந்தவர் அவர். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார், ஐயரும் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா என்று பெருமையாக அடுக்குகிறார். அந்த மனுஷர் அசையவே இல்லை. இதெல்லாம் சரி, இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்கள்? சிந்தாமணி? சிலப்பதிகாரம்? மணிமேகலை? அவ்வளவு படித்தவர் அவற்றைப் பார்த்ததுகூட இல்லை. 1880இல் கேட்ட அந்தக் கேள்விதான் 1887இல் சீவக சிந்தாமணிப் பதிப்பாக வந்து நிற்கிறது.

நடுவில் ஒரு சின்ன இடம். சிந்தாமணி சமணக் காப்பியம், அந்தச் சமயச் சங்கதிகள் புரியாமல் கும்பகோணத்துச் சமணர் வீட்டுக்குப் போகிறார், வாசலில் தோரணம் கட்டியிருக்கிறது. என்ன விசேஷம் என்று கேட்டால், சிந்தாமணி படித்து முடித்ததைக் கொண்டாடுகிறார்களாம்! இவர் எங்கெங்கோ தேடிக்கொண்டிருந்த நூலை, தான் வேலை பார்க்கும் ஊரிலேயே ஒரு வீட்டில் பாராயணம் செய்துகொண்டிருந்திருக்கிறார்கள். அதைப் படித்த அன்று ஆபீஸில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன், ஒருத்தரும் காதில் வாங்கவில்லை.

வயிறு எரிந்தது கரிவலம்வந்தநல்லூர் இடத்தில். அங்கே கோயிலில் பழைய ஏடுகள் இருப்பதாகக் கேள்விப்பட்டுத் திருநெல்வேலிப் பக்கம் அவ்வளவு தூரம் போகிறார். விசாரித்தால், கூளமாகக் கிடந்தது, நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டோம், சாஸ்திரப்படிதான் செய்தோம் என்கிற தொனியில் பதில் வருகிறது. சொல்கிறவருக்குத் தப்பு செய்த நினைப்பே இல்லை, பக்தியோடு செய்திருக்கிறார்கள். புத்தகத்தை மூடி மடியில் வைத்துவிட்டேன், தஞ்சாவூர் வரைக்கும் அடுத்த பக்கம் திருப்பவில்லை.

அப்புறம் ரயிலில் கிடைத்த இன்னொரு ஆள், ஒரு பெண். கும்பகோணத்தில் ஏறுவாள், தஞ்சாவூரில் பேங்க்கில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள், ஊர் கோவில்பட்டி பக்கம். எப்போதும் போனையே பார்த்துக்கொண்டிருப்பாள், நானும் ரீல்ஸ்தான் என்று நினைத்திருந்தேன். கி.ரா.வின் (கி.ராஜநாராயணன்) ‘கோபல்ல கிராமம்’ படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். “அக்கா, எங்க ஆச்சி பேசுற மாதிரியே இருக்கு, படிங்க” என்று ஆரம்பத்தைக் காட்டினாள். தாகத்துக்குத் தண்ணீர் குடிக்க இறங்கிய கர்ப்பிணிப் பெண்ணை நகைக்காக ஒரு திருடன் தண்ணீருக்குள் அமுக்குகிறான். அவள் உயிர் போகும்போது அவன் கால் பெருவிரலைப் பல்லால் கவ்விக்கொள்கிறாள். செத்தும் விடவில்லை, அவனால் ஓட முடியவில்லை. காலை ரயிலில், பக்கத்தில் ஒருவர் இட்லிப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருக்க, இதைப் படித்தேன். அன்றைக்கு இறங்கியதும் முதல் வேலையாக அந்தப் புத்தகத்தை வாங்கினேன். 1976இல் வந்த நாவல், இத்தனை வருஷம் எப்படித் தப்பவிட்டேனோ. இப்போது திரும்பி வரும் ரயிலுக்கு அதுதான். 137 வயசு மங்கத்தாயாரு அம்மாள் தங்கள் முன்னோர் தெலுங்குச் சீமையிலிருந்து தெற்கே ஓடிவந்த கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், இன்னும் பாதிகூடத் தாண்டவில்லை, வெட்டுக்கிளி வருகிற இடம் பிரமாதம் என்று அந்த பேங்க் பெண் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறாள்.

பதிலுக்கு என் புத்தகத்தை அவளிடம் கொடுத்தேன். இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது என்று போனில் எடுத்துவிட்டாள். கொஞ்ச நாள் கழித்து, “அக்கா, நல்லாத்தான் இருக்கு, ஆனா இதுல பொம்பளைங்கல்லாம் எங்க போனாங்க?” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அம்மா வருகிறார், பாசத்தோடு வருகிறார். கல்யாணத்துக்குத் தனி அத்தியாயமே உண்டு. அதற்கப்புறம் மனைவியைத் தேடத்தான் வேண்டும். ஏடு தேடி அவர் ஊர் ஊராகப் போனபோது வீட்டை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று அதற்குமுன் நான் யோசிக்கவில்லை. இப்போது ஒவ்வொரு பயண அத்தியாயத்திலும் அந்தக் கேள்வி கூடவே வருகிறது, ரசிப்பு மட்டும் குறையவில்லை, அது எப்படி என்று கேட்காதீர்கள்.

கோபல்ல கிராமம் முடிந்ததும் சாகித்திய அகாதெமி வாங்கிய ‘கோபல்லபுரத்து மக்கள்’, அது அவள் உத்தரவு. ‘என் ஆசிரியப்பிரான்’ மட்டும் இங்கே கடைகளில் கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை. எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள், பழைய பிரதியானாலும் பரவாயில்லை.