காட்டுக்குள் எதை முதலில் சரிசெய்வது: நடைபாதையையா, சாலையையா?

குறிஞ்சிநடை

பொதுக்காடுகளின் பராமரிப்புக்கு ஒதுக்கப்படும் பணம் எப்போதும் தேவையைவிடக் குறைவுதான். அந்தக் கொஞ்சத்திலும் பெரும்பங்கை வண்டிச்சாலை எடுத்துக்கொள்கிறது. சாலையில் குழி விழுந்தால் வண்டி குலுங்குகிறது, வண்டியில் வந்தவர் புகார் எழுதுகிறார். நடைபாதையில் மண் அரித்துப் போவது அப்படிச் சத்தம் போடாது. முதலில் புல் போகும், பிறகு மேல்மண் போகும், பிறகு வேர்கள் வெளியே வரும். அந்த வேர் தடுக்கி விழுகிறவரும் தன் கால்மேல்தான் பழி போடுகிறார்.

அமெரிக்க வனத்துறையின் பொறுப்பில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் கிலோமீட்டர் நடைபாதை இருக்கிறது. 2012-ஆம் நிதியாண்டில் அதில் 37 விழுக்காட்டில் மட்டுமே ஏதேனும் ஒரு பராமரிப்பு வேலை நடந்தது. துறை தானே வகுத்துக்கொண்ட தரத்தை எட்டியது நான்கில் ஒரு பங்கு அளவுக்குத்தான். அந்நாட்டு அரசின் தணிக்கை அமைப்பே சொன்ன கணக்கு இது.

ஆகவே வரிசையை மாற்ற வேண்டும் என்கிறேன். முதலில் நடைபாதை, பிறகு சாலை. சாலையில் அடித்துச் செல்லப்பட்ட சரளையை லாரியில் கொண்டுவந்து மீண்டும் கொட்டலாம். பாதையில் போன மேல்மண்ணை யார் கொட்டுவது? விரற்கடை அளவு மண் உருவாகவே நூற்றாண்டுகள் ஆகும்.

வடிகால்

குறிஞ்சிநடை, உங்கள் அக்கறையோடு எனக்குச் சண்டை இல்லை, வரிசையோடுதான் சண்டை. என் பணிக்காலத்தின் பெரும்பகுதி மண்சாலைகளோடு கழிந்தது. மண் போவதைப் பற்றிக் கவலைப்படுகிறவர் சாலையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஓடையைச் சாலை கடக்கும் இடத்தில் அடியில் ஒரு குழாய் பதித்திருப்பார்கள். மழைக்காலத்தில் ஒரு முறிந்த கிளை வந்து அதன் வாயில் குறுக்கே நிற்கும். இலை சேரும், சேறு சேரும், வாய் அடைபடும். தண்ணீர் குளம்போல் தேங்கிச் சாலைக்கு மேலே ஏறும். அப்போது இரண்டில் ஒன்று நடக்கும். சாலையை அங்கேயே உடைத்துக்கொண்டு, கொட்டி நிரப்பிய மண் முழுவதையும் ஓடையில் இறக்கலாம். அல்லது ஓடை தன் தடத்தை விட்டுவிட்டுச் சாலை வழியாகவே ஓடி, எங்கோ ஒரு வளைவில் மலைச்சரிவைப் பிளந்துகொண்டு இறங்கலாம். இரண்டாவதுதான் கொடியது. ஒரு நடைபாதை பல ஆண்டுகளில் இழக்கும் மண்ணை அந்த ஒரே இரவு கொண்டுபோய்விடும்.

அமெரிக்கக் கணக்கையே எடுத்துக்கொண்டால், அங்கே காட்டுச்சாலைகள் மட்டும் ஆறு லட்சம் கிலோமீட்டர் அளவில் இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி மரம் ஏற்றிச் செல்லப் போடப்பட்டவை. வெட்டு வேலை முடிந்தது, லாரிகள் போய்விட்டன, குழாய்கள் மட்டும் மண்ணுக்கடியில் துருப்பிடித்துக்கொண்டு காத்திருக்கின்றன.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். குழியில் சரளை கொட்டுவதைப் பழுதுபார்ப்பு என்று நான் ஏற்க மாட்டேன். குழியின் அடிமட்டம் வரை தளத்தைச் சீவி எடுத்து, புதிதாகப் பரப்பி, ஈரத்தோடு இறுக்கி, நடுவை உயர்த்தி இரு ஓரங்களையும் தாழ்த்த வேண்டும். மீட்டருக்கு நான்கிலிருந்து ஆறு சென்டிமீட்டர் சாய்வு இருந்தால் தண்ணீர் நிற்காது. உடைத்த கல்லும் நுண்மண்ணும் கலந்த சரளைதான் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். ஆற்றுக் கூழாங்கல் உருண்டு ஓரத்துக்குப் போய்விடும்.

கானுறை

நீங்கள் இருவரும் ஒரே இடத்தில் நின்றுதான் சண்டை போடுகிறீர்கள். இருப்பதெல்லாம் இருக்க வேண்டும் என்பதை இருவருமே கேள்வி கேட்கவில்லை.

சாலை நன்றாக இருந்தால் வண்டி கூடும். வண்டியின் சக்கரத்தில் களைவிதை வரும், வேட்டைக்காரன் வருவான், குப்பை வரும், சாலையோரத்தில் மனிதன் மூட்டும் தீ வரும். கரடுமுரடான சாலை காட்டுக்குச் செய்யும் பாதுகாப்பை எந்தக் காவலரும் செய்ய முடியாது. 2001-இல் அமெரிக்கா ஏறத்தாழ 2.37 கோடி ஹெக்டேர் பொதுக்காட்டில் புதிய சாலைகளைப் பெரும்பாலும் தடை செய்தது. இருக்கிற சாலைகளையே பராமரிக்க வழியில்லை என்பதையும் அதற்கு ஒரு காரணமாகச் சொன்னார்கள்.

என் வரிசை இதுதான்: மூட வேண்டியதை மூடுங்கள். மிஞ்சுவதைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.

தாமரைச்செல்வி

கானுறை அவர்களே, குழியைக் காவலாளியாக்காதீர்கள். அந்தக் காவலாளி யாரை உள்ளே விடுகிறான் என்று பாருங்கள். உயரமான சக்கரமும் நான்கு சக்கர இயக்கமும் உள்ள விலையுயர்ந்த வண்டிக்குக் குழி ஒரு விளையாட்டு. வேட்டைக்காரனையும் அது தடுக்காது. சிறிய கார் வைத்திருக்கும் குடும்பத்தையும், பஸ்ஸில் வரும் பள்ளிப் பிள்ளைகளையும், முழங்கால் தேய்ந்த முதியவரையும்தான் அது திருப்பி அனுப்புகிறது. பொதுக்காடு என்பதில் உள்ள பொது அவர்களையும் சேர்த்ததுதானே?

மீட்புப் பணியில் உதவியவள் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். காட்டில் கால் முறிந்தவரைத் தூக்குகட்டிலில் வைத்துச் சுமப்பது நால்வர் வேலை அன்று. ஆள் மாற்றி ஆள் மாற்றித்தான் நகர முடியும், பாதை கெட்டிருந்தால் அதற்கும் மேல் ஆட்கள் வேண்டும். ஆம்புலன்ஸ் வரக்கூடிய இடம் ஒரு கிலோமீட்டர் பின்னால் தள்ளிப்போனால், அந்த ஒரு கிலோமீட்டரும் அடிபட்டவரின் உடம்பில்தான் கழிகிறது. தீயணைப்பு வண்டிக்கும் இதே கதைதான்.

மண்வெட்டி

இங்கே எல்லோரும் எது முதலில் என்று கேட்கிறீர்கள். எப்படி என்று கேட்காமல் அதற்குப் பதில் கிடைக்காது. நான் பாதை வேலைக்குழுவில் மண்வெட்டி பிடிப்பவன். பார்த்ததைச் சொல்கிறேன்.

பாதையைக் கெடுப்பது கால் என்று நினைக்கிறோம். கால் புல்லை அழித்து மண்ணை இறுக்கும், அவ்வளவுதான். இறுகிய மண்ணில் தண்ணீர் உள்ளே இறங்காது, மேலே ஓடும். அதன் பிறகு நடக்கும் அழிவெல்லாம் தண்ணீரின் வேலை. ஆகவே பாதை எந்தக் கோணத்தில் ஏறுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பாதையின் ஏற்றம் மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. 30 விழுக்காடு சரிவுள்ள இடத்தில், அதாவது நூறு மீட்டருக்கு முப்பது மீட்டர் ஏறும் இடத்தில், பாதை 15-ஐத் தாண்டிவிட்டால், தண்ணீர் பாதையைக் குறுக்கே கடந்து இறங்காமல் பாதையையே வாய்க்காலாக்கிக்கொள்ளும். மொத்தத்தில் சராசரி ஏற்றம் 10 விழுக்காட்டுக்குள் இருப்பது நல்லது.

பழைய பாதைகளில் பல இந்தக் கணக்குக்கு வெளியே இருக்கின்றன. சிகரத்தைப் பார்த்து நேராக ஏறியவர்களின் தடம்தான் பின்னால் பாதை ஆனது. அத்தகைய இடத்தில் எத்தனை கூடை சரளை கொட்டினாலும் அடுத்த பெருமழையில் அது அடிவாரத்தில் கிடக்கும். குறுக்கே மரக்கட்டை பதித்துத் தண்ணீரைத் திருப்பலாம்தான். ஆனால் கட்டைக்கு மேல்பக்கம் மண் சேர்ந்துவிடும், ஆண்டுதோறும் தோண்டி எடுக்காவிட்டால் தண்ணீர் அதைத் தாண்டிக் குதித்து, கீழே பள்ளம் பறிக்கும். பாதையையே இடையிடையே சற்றுத் தாழ்த்தி மீண்டும் உயர்த்தி, வெளிப்பக்கம் சாய்த்துவிட்டால், தண்ணீர் அந்தத் தாழ்வில் தானாக வெளியேறும். அதற்குப் பராமரிப்பு மிகக் குறைவு. அதற்கும் முடியாத அளவு செங்குத்தாக இருந்தால் அந்தத் தடத்தைக் கைவிட்டு, சரிவை ஒட்டிப் புதிய தடம் வெட்டுவதுதான் வழி.

குறிஞ்சிநடை, பணத்தைப் பாதைக்குக் கொடுங்கள் என்கிறீர்கள். தடத்தை மாற்றாமல் கொடுத்தால் அது ஓடைக்குக் கொடுத்த பணம்.

கானுறை

மண்வெட்டி, புதிய தடம் என்று எளிதாகச் சொல்லிவிட்டீர்கள். ஒரு காயம் ஆறாமல் இருக்கும்போது பக்கத்திலேயே இரண்டாவதாக வெட்டுகிறீர்கள். பழைய தடத்தை யார் மூடுவது? நான் பார்த்த இடங்களில் கொண்டை ஊசி வளைவுகளோடு புதிய பாதை போட்டார்கள். இறங்குகிறவர்கள் வளைவைச் சுற்றாமல் பழைய குறுக்குவழியிலேயே இறங்கினார்கள். இரண்டிலும் மண் அரித்துப் போனது.

பாதை போடாமல் விட்டால், ஆட்கள் பரவி நடந்து பாதிப்பு குறையாதா?

மண்வெட்டி

குறையாது. பலரும் நம்பும் பிழையான கணக்கு இது. காட்டுத்தரையில் செடிகளுக்கு வரும் சேதத்தில் பெரும்பகுதியை முதலில் மிதிக்கும் சிலரே செய்துவிடுகிறார்கள். அதன் பிறகு நூறு பேர் கூடுதலாக நடந்தாலும் சேதம் அதே அளவில் ஏறுவதில்லை. ஆகவே ஆட்களைப் பரப்பினால் சேதத்தைப் பரப்புகிறோம். ஒரே தடத்தில், காய்ந்த உறுதியான தடத்தில், அவர்களை நிறுத்திவைப்பதுதான் காட்டுக்கு நல்லது. சேறான இடத்தில் பாதை ஆறேழு கிளையாகப் பிரிவது எதனால்? கால் நனையாத இடத்தை ஒவ்வொருவரும் ஓரமாகத் தேடுவதால்தான்.

இங்கிலாந்தின் பென்னைன் வே 1965-இல் திறக்கப்பட்ட நெடும்பாதை. மட்கிய செடிகளால் ஆன கரிச்சேறு மண்டிய மேட்டுநிலத்தில் அது அகன்று அகன்று சேற்றுப் பட்டையாகிவிட்டது. இடிக்கப்பட்ட பழைய ஆலைகளின் தரைக்கற்களைக் கொண்டுவந்து அங்கே பாவினார்கள். நடப்பவர்கள் கல்லின்மேல் வந்துவிட்டார்கள், இருபுறமும் செடி திரும்பி வந்தது. கல் இயற்கையல்ல என்று முணுமுணுத்தவர்கள் அன்றும் இருந்தார்கள்.

பழைய தடத்தை மூடுவது பற்றி நீங்கள் கேட்டது சரியான கேள்வி. பலகை மட்டும் வைத்தால் போதாது. இறுகிய மண்ணைக் கிளறி, விழுந்த மரங்களைக் குறுக்கே கிடத்தி, அங்கேயே வளரும் செடிகளை நட்டு, பார்வைக்கே அது பாதை இல்லை என்று ஆக்க வேண்டும். புதிய பாதைக்கு ஆகும் உழைப்பில் கணிசமான பங்கு இதற்குப் போகும். இதைச் செய்யாத குழு வேலையைப் பாதியில் விட்ட குழு.

குறிஞ்சிநடை

மண்வெட்டி சொல்வதை வைத்தே கேட்கிறேன், வடிகால் ஐயா. பாதை வேலை கைவேலை. தடம் வெட்டத் தெரிந்த பத்துப் பேருக்கு ஒரு பருவத்துக்குக் கூலி கொடுத்தால் ஒரு மலையே சீராகும். ஒரு சிறுபாலத்துக்குப் போகும் பணத்தில் எத்தனை பாதை தேறும் என்று பாருங்கள்.

வடிகால்

அதே காரணத்தால்தான் அரசுப் பணம் சாலைக்குப் போக வேண்டும் என்கிறேன். பாதைக்குத் தன்னார்வலர் வருவார்கள். அமெரிக்காவில் ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பலாச்சியன் நெடும்பாதை பெரும்பாலும் தன்னார்வக் குழுக்களின் உழைப்பில்தான் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்து ஓடையடியில் குழாய் பதித்துவிட்டுப் போகும் தன்னார்வலரை எங்காவது பார்த்திருக்கிறீர்களா? இயந்திரம் வேண்டும், வெள்ளக்கணக்குப் போடத் தெரிந்த பொறியாளர் வேண்டும், மீன் ஏறிப்போக வழி விட வேண்டும்.

குறிஞ்சிநடை

தன்னார்வலர் வருவார்கள் என்பதை வைத்துத்தான் எல்லா அரசுகளும் தப்பிக்கின்றன. அவர்கள் எங்கே வருகிறார்கள்? நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள, எல்லோருக்கும் பிடித்த பாதைக்கு. தொலைவில் உள்ள பாதையில் விழுந்த மரத்தை அறுக்க யாரும் வருவதில்லை. 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமெரிக்காவில் வனாந்தரமாக அறிவிக்கப்பட்ட இடங்களில் பொதுவாக இயந்திர ரம்பத்துக்கே அனுமதி இல்லை, இருவர் இழுக்கும் கைரம்பம்தான். அந்தக் கைரம்பத்தைத் தீட்டத் தெரிந்தவரை ஊதியம் கொடுத்து வைத்திருக்க வேண்டும். 1933 முதல் 1942 வரை அங்கே ஏறத்தாழ முப்பது லட்சம் இளைஞர்களைக் கூலி கொடுத்துக் காடுகளில் வேலைக்கு வைத்தார்கள். அன்று வெட்டிய பாதைகளில் இன்றும் நடக்கிறோம். அன்பளிப்பாகக் கிடைத்த உழைப்பில் வந்த பாதைகள் அல்ல அவை.

தாமரைச்செல்வி

பருவம் பற்றி யாரும் பேசவில்லையே. பெருவின் இன்கா பாதையைப் பெருமழை பெய்யும் பிப்ரவரி மாதம் முழுவதும் மூடிவிடுகிறார்கள், பராமரிப்பும் அப்போது நடக்கிறது. ஈரமான மண்சாலையில் வண்டி ஓடினால் சக்கரத்தடம் வாய்க்காலாகிவிடும். மழைக்காலத்தில் வாயிலைப் பூட்டுவதற்கு நான் எதிரி அல்ல. மீட்பு வண்டியிடமும் தீயணைப்பு வண்டியிடமும் சாவி இருந்தால் போதும். ஆண்டு முழுவதும் குழியை விட்டுவைப்பதைவிட இது நேர்மையானது. யாருக்கு எப்போது அனுமதி இல்லை என்பதைப் பலகையில் எழுதிச் சொல்கிறோம்.

வடிகால்

அதை ஏற்கிறேன். பணத்தின் வகையையும் பேச வேண்டும். அமெரிக்காவில் 2020-இல் ஒரு சட்டம் வந்தது. 2021 முதல் ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 190 கோடி டாலர் வரை, பொதுநிலங்களில் தேங்கிப்போன பராமரிப்புக்கு ஒதுக்கினார்கள். வனத்துறையின் பங்கு அதில் 15 விழுக்காடு. நல்ல காரியம். ஆனால் தேங்கியது எதனால் தேங்கியது? ஆண்டுதோறும் குழாய் வாயைச் சுத்தம் செய்ய ஆள் இல்லாததால். பெரிய பணம் வந்து புதுக்குழாய் பதித்துவிட்டுப் போகும். மழைக்கு முன் மண்வெட்டியோடு ஒருவர் சாலை நெடுக நடந்து பார்ப்பதற்குத் தனி ஒதுக்கீடு இல்லாவிட்டால், மறுபடி அதே கிளை அதே வாயில் வந்து நிற்கும்.

கானுறை, உங்களுக்கும் ஒரு பதில் பாக்கி இருக்கிறது. சாலைகளை மூடுவதற்கு நான் எதிரி இல்லை. ஓடையை ஒட்டியே ஓடி அதைப் பலமுறை கடக்கும் சாலை, முடிவில் எந்தப் பாதையின் தொடக்கத்துக்கும் கொண்டுபோய் விடாத சாலை, தீயணைப்புக்கு வேறு வழி உள்ள சாலை: இந்த மூன்றும் சேர்ந்தால் என் பட்டியலில் அதுதான் முதலில் மூடப்படும். ஆனால் வாயிலைப் பூட்டிவிட்டால் சாலை மூடப்பட்டது என்று எண்ணாதீர்கள். குழாய் உள்ளேயே இருக்கிறது. பார்க்க ஆளும் இல்லாமல் போகும். மூடுவதென்றால் குழாயைத் தோண்டி எடுத்து, ஓடைக்கு அதன் பழைய அகலத்தைத் திருப்பிக் கொடுத்து, தளத்தைக் கிளறி, சரிவை மீட்க வேண்டும். அதற்கும் இயந்திரம் வேண்டும், பணம் வேண்டும்.

மண்வெட்டி

அப்படி மூடும் சாலையில் ஒரு மீட்டர் அகலத்தை நடைபாதையாக விட்டுவைக்கலாமே, ஐயா. சாய்வு ஏற்கெனவே இதமானது, முழங்கால் நோயுள்ளவரும் நடக்கலாம்.

கானுறை

அந்த ஒரு மீட்டரைத்தான் நான் ஏற்க மாட்டேன். ஓடையோரச் சாலையை மூடுவதே ஓடையோரத்தில் ஆள் நடமாட்டம் குறையட்டும் என்றுதான். மேட்டில் உள்ள சாலைகளில் வைத்துக்கொள்ளுங்கள், தடுக்க மாட்டேன்.

தாமரைச்செல்வி

முழங்கால் நோயுள்ளவர்களுக்கு மேட்டில் எந்தச் சாலை, அதன் வாயிலுக்கு எந்த வண்டி வரும் என்று சொல்லுங்கள். அந்த இடத்தைப் பட்டியலில் எழுதிய பிறகு ஓடையோரத்தை விட்டுக்கொடுக்கிறேன். அதற்கு முன்பு இல்லை.