மறு: 'கவனக் குவியம்' வேண்டாம், 'தன்மை நாட்டம்' சரிவருமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். நம் நூலில், 'நான் யார்' என்று தன்னையே ஆராயும் ஆன்ம விசாரத்தில் கவனத்தை எங்கே வைப்பது என்ற அத்தியாயத்துக்கு ஒரு சொல் தேடுகிறோம். அதற்கு ஆற்காட்டு நண்பர் முன்வைத்த 'கவனக் குவியம்' என்ற சொல்லை ஒரு வாரமாக அசைபோட்டேன். காட்பாடியில் நெடுங்காலம் இயற்பியல் கற்பித்தவன் நான். குவியம் என்றதும் வில்லையும் மெழுகுவத்தியும் வெள்ளைத் திரையும்தான் கண்முன் வருகின்றன. குவியம் என்றால் வில்லைக்கு வெளியே ஒரு புள்ளி. மூக்கு நுனியில் மூச்சைக் கவனிப்பவருக்கும் புருவ நடுவில் மனத்தை நிறுத்துபவருக்கும் அந்தச் சொல் அழகாகப் பொருந்தும். 'நான் யார்' என்று கேட்பவருக்கோ பார்க்கிறவனையே பார்க்கும் வேலை. அங்கே புள்ளிக்கு எங்கே போவது?

குடியாத்தம் அம்மா 'இதயத்தானம்' என்ற சொல்லைக் கேட்டிருந்தார்; இங்கே தானம் என்பது ஸ்தானம், அதாவது இடம். ஆதாரம் இல்லாமல் கேட்கவில்லை. 1902 வாக்கில் திருவண்ணாமலை விருபாட்ச குகையில் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற அன்பர் கேட்ட கேள்விகளுக்கு ரமண மகரிஷி தந்த விடைகளில், 'நான்' என்ற நினைவு உடலில் முதலில் தோன்றும் இடம் இதயம் என்றே வருகிறது. பின்னாளில் மார்பின் வலப்பக்கத்தையும் அவர் சுட்டியதுண்டு. ஆனால் அங்கே தியானிக்கட்டுமா என்று கேட்டவர்களிடம், இடத்தை விட்டு 'நான்' யாரென்று தேடும்படியே சொன்னார். 'தானம்' என்று அச்சிட்டால் வாசகர் கை நேரே அங்கே போகும். எங்கள் ஞாயிறு வகுப்பில் ஒருவர் அரை மணி நேரம் வலமார்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். விசாரம் நடந்ததா தெரியாது, தோள் பிடித்துக்கொண்டது.

திருப்பத்தூர் ஐயா சொல்லும் 'கவனம் செலுத்து' என்ற வினையையும் அவர் ஒருமுறை யோசிக்க வேண்டும். நம் பக்கத்துக் கிணறுகளில் வாளி விழுந்தால் பாதாளக்கரண்டியைக் கயிற்றில் கட்டி இறக்குவோம். நாம் மேலே நிற்போம், கரண்டி மட்டும் கீழே போய்த் துழாவும். 'செலுத்து' என்பதில் அந்தக் கயிறு இருக்கிறது: செலுத்துகிறவன் கரையில், செலுத்தப்படுவது உள்ளே. 1928-இல் இயற்றிய 'உள்ளது நாற்பது' நூலின் 28-ஆம் பாட்டில் ரமணர் சொல்வது வேறு. நீரில் விழுந்த பொருளை எடுக்க முழுகுவதுபோல, அகந்தை எழும் இடத்தை நாடி உள்ளே ஆழ வேண்டும். கரையில் யாரும் மிச்சமில்லை. கிணற்றில் குதித்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு உரை வேண்டியதில்லை.

"அங்கேயும் 'இடம்' வருகிறதே, பிறகு எதற்கு இந்தச் சண்டை?" என்று ஆற்காட்டு நண்பர் மடக்குவார். மடக்கட்டும். தமிழில் இடம் என்பது நிலப்பரப்பு மட்டும்தானா? பள்ளி இலக்கணத்தில் மூவிடம் படித்தோமே: தன்மை, முன்னிலை, படர்க்கை. பேசுகிறவனும் ஓர் இடம். அதே நூலின் 14-ஆம் பாட்டு, தன்மை இருந்தால்தான் முன்னிலையும் படர்க்கையும் இருக்கும் என்று தொடங்கி, அந்தத் தன்மையின் உண்மையை ஆராயச் சொல்கிறது. மூச்சு, மந்திரம், சுடர், வலமார்பு எல்லாமே இந்தக் கணக்கில் படர்க்கைதான். கவனத்தை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு நம் இலக்கணமே விடையைக் கையில் வைத்திருக்கும்போது கண்ணாடி வில்லையிடம் ஏன் கடன் வாங்க வேண்டும்?

ஆகவே என் பரிந்துரை 'தன்மை நாட்டம்'. நாட்டம் என்பதில் பார்வை, விருப்பம், தேடல் மூன்றும் உண்டு; 'கவனம்' என்ற சொல்லுக்கு அந்த வெப்பம் கிடையாது. சுருக்கமாகத் 'தன்னாட்டம்' போதாதா என்றால், எனக்கும் அது பிடித்த சொல்தான். ஆனால் அதைத் 'தன் ஆட்டம்' என்றும் பிரிக்கலாம். அகந்தையை ஆராயும் அத்தியாயத்துக்கு அப்படி ஒரு தலைப்பு அமைந்தால் வேடிக்கையாக இருக்கும்.

தன்மை என்றால் குணம் என்றுதானே இன்றைய வாசகர் எடுத்துக்கொள்வார் என்ற தயக்கம் எனக்கும் உண்டு. அதனால் முதல் முறை வரும் இடத்தில் மட்டும் 'நான் என்னும் தன்மை' என்று விரித்து எழுதலாம். அருஞ்சொல் பட்டியலுக்கான என் வரைவு:

தன்மை நாட்டம்: அறியப்படும் எதன் மீதும் நில்லாமல், அறிகிற 'நான்' மீதே திரும்பி நிற்கும் நோக்கு.

'மீதே' என்பதிலும் கொஞ்சம் கரைவாசம் அடிக்கிறது. அதைவிட நல்ல உருபு யாரிடமாவது இருந்தால், மெய்ப்பு அச்சகத்துக்குப் போகும் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
காட்பாடியிலிருந்து