குடத்துக்குக் குயவன் உண்டு. மண் எங்கிருந்து வந்தது?

உவர்மலைவாசி:
திருகோணமலைக் கோணேசர் கோயிலை 2004 ஆழிப்பேரலை தொடவில்லை, அது சிவனுக்குச் சான்று என்று நான் எழுதியதற்கு, சிவனுக்குச் சொல்லும் எந்தக் காரணமும் அல்லாஹ்வுக்கும் கர்த்தருக்கும் அப்படியே பொருந்தும், ஆகவே அது காரணமே அல்ல என்று ஒரு தம்பி பதில் எழுதியிருந்தார். இதை நான் ஏற்கவில்லை. அவன், அவள், அது என்று சுட்டப்படும் உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குவதால் அதைச் செய்பவன் ஒருவன் வேண்டும் என்று, சைவ சித்தாந்தத்தின் அடிப்படை நூலான சிவஞானபோதத்தின் முதற் சூத்திரத்தில் தொடங்கும் அதன் ஆசிரியர் மெய்கண்டார், அத்துடன் நின்றுவிடாமல், எதில் ஒடுங்கியதோ அதிலிருந்தே மீளத் தோன்றும் என்பதால் "அந்தம் ஆதி" என்று, ஒடுக்குபவனையே முதல்வனாக நிறுவுகிறார். ஒடுக்கும் தொழில் யாருக்குரியது என்பது சைவர் அறிந்ததே.

கிண்ணியா ஆசிரியர்:
ஐயா, அந்தச் சூத்திரம் பிரமனையும் திருமாலையும் விலக்கிச் சிவனைத் தெரிந்தெடுக்க உதவும். ஆனால் படைத்தவனே அழிப்பான், அவனே மறுமையில் எழுப்புவான் என்று நம்பும் முஸ்லிம்களாகிய எங்களிடம், தொழில்களைப் பங்கிட்டுக்கொண்ட மூவர் இல்லை. எனவே எங்கள் முன் அது யாரையும் விலக்கவில்லை.

நிலாவெளியான்:
ஐயா குறிப்பிட்டவன் நான்தான். அலை தொடாததற்குக் கோயில் நிற்கும் பாறையின் உயரமே காரணம். தப்பியது சான்று என்றால், 1620களில் போர்த்துக்கேயர் அதே கோயிலை இடித்து அதன் கற்களைக் கோட்டைக்குக் கொண்டுபோனதை எதிர்ச்சான்றாக எண்ண வேண்டாமா? கிழக்குக் கரையில் அலைக்கு இறந்தவர்களில் எல்லா மதத்தவரும் இருந்தார்கள். மேலும், உலகம் ஒரு காரியம் என்பதால் அதைச் செய்தவன் ஒருவனே என்று அனுமானிக்க முடியாது, பலர் சேர்ந்தும் செய்திருக்கலாம், ஆதலால் இறைவனை அறிய வேதமே பிரமாணம் (சான்று) என்று வாதிட்டவர் வைணவ ஆசாரியரான இராமானுசர். கடவுளை மறுத்தவர் அல்லர் அவர்.

உவர்மலைவாசி:
அலையைப் பற்றி எழுதியது பிழை, திரும்பப் பெறுகிறேன். இறந்தவர்களின் உறவினர் படிக்கும் இடத்தில் அதை எழுதியிருக்கவே கூடாது. ஆனால் "எல்லாம் சமம்" என்பதை இன்னும் ஏற்கமாட்டேன். "யாதொரு தெய்வங் கொண்டீர்" என்று தொடங்கும் சிவஞானசித்தியார் என்னும் சித்தாந்த நூலின் பாடல், ஏனைய தெய்வங்கள் வேதனைப்படும், இறக்கும், பிறக்கும் என்பதால், இவை இல்லாதவனே அறிந்து அருள்செய்வான் என்கிறது. இது ஓர் அளவுகோல். எல்லாத் தெய்வத்துக்கும் இது பொருந்தாது.

கிண்ணியா ஆசிரியர்:
உண்மை. அவன் யாரையும் பெறவுமில்லை, யாராலும் பெறப்படவுமில்லை என்று குர்ஆனின் 112ஆவது அத்தியாயம் சொல்வதும் அதே அளவுகோல்தான். அப்படியானால் கோடு விழுகிறது. ஆனால் நீங்களும் நானும் அதன் ஒரே பக்கத்தில் நிற்கிறோம். மனிதப் பிறவியை இறைவன் தானே விரும்பி ஏற்றான் என்னும் கிறிஸ்தவர்களின் விடையை அவர்களே வந்து சொல்லட்டும். அவர்கள் இல்லாத இடத்தில் நாம் தீர்ப்பளிப்பது முறையல்ல. குடத்துக்குக் குயவன் உண்டு என்பதுபோல் உலகத்துக்கும் செய்தவன் உண்டு என்னும் உவமையே எனக்குப் போதும்.

உவர்மலைவாசி:
அங்கேதான் நாம் பிரிகிறோம், ஆசிரியர் அவர்களே. குயவன் மண்ணைப் படைப்பதில்லை. சித்தாந்தம் அந்த உவமையை முழுதாகவே எடுத்துக்கொண்டு, மண் மாயை (உலகின் மூலப்பொருள்), திரிகை (குயவனின் சக்கரம்) சத்தி, குயவன் சிவன் என்கிறது. பதியாகிய இறைவனைப் போலவே, பசுவாகிய உயிரும், மாயை உள்ளிட்ட பாசமாகிய தளையும் அனாதி, தொடக்கம் இல்லாதவை. ஒன்றுமில்லாமையிலிருந்து உலகைப் படைத்தான் என்பவர், அந்த உவமையில் மண்ணை எங்கே வைப்பார்?

நிலாவெளியான்:
ஐயா, இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. "அப்படியே பொருந்தும்" என்று நான் எழுதியது அவசரம். ஒவ்வொரு வாதத்தையும் தனியாக எடுத்து, அது எந்த இடத்தில் பொருந்தாமல் போகிறது என்று பார்த்திருக்க வேண்டும்.

கிண்ணியா ஆசிரியர்:
ஐயா கேட்டது நேர்மையான கேள்வி. குயவன் உவமையை இனி நான் எடுக்கமாட்டேன். அது உங்களுக்கே கூடுதலாகப் பொருந்துகிறது. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலியின் வாதத்துக்கு மண் தேவையில்லை: தொடங்கிய ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு, உலகம் தொடங்கியது, ஆகவே அதற்கும் காரணம் உண்டு. மாயை அனாதி என்னும் நீங்கள் இதன் இரண்டாவது கூற்றை, நான் கொள்ளும் பொருளில், ஒப்பமாட்டீர்கள். உலகத்துக்கு முதல் தொடக்கம் ஒன்று இருந்ததா என்பதிலிருந்து நாளை தொடர்வோம்.