சேர்மனே இல்லாத ஊரில் பெரிய மார்க்கெட்டை யார் இடிப்பது?

முத்தியால்பேட்டைக்காரன்:
புதுச்சேரி பெரிய மார்க்கெட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் பேச்சு ஸ்மார்ட் சிட்டி காலத்திலிருந்து இழுபடுகிறது. மொத்தமாகக் காலி செய்ய மாட்டோம், பகுதி பகுதியாக வேலை செய்யுங்கள் என்று வியாபாரிகள் சொன்னார்கள், பாரம்பரியக் கட்டடத்தில் கை வைக்காதீர்கள் என்று இன்னொரு பக்கம் குரல் வந்தது, 2017-ல் நம் ஊரைச் சேர்த்த அந்தத் திட்டமே 2025 மார்ச்சோடு முடிந்தும் போனது. என் கேள்வி கட்டடத்தைப் பற்றியது இல்லை. இடிக்கலாமா வேண்டாமா என்று பேச வேண்டிய நகராட்சியில் நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஓர் ஆள்கூடக் கிடையாது. 1968-க்கு அப்புறம் 2006-ல்தான் இங்கே உள்ளாட்சித் தேர்தல் நடந்தது, 38 வருஷம் கழித்து, அதுவும் கோர்ட் படி ஏறித்தான். அந்த மன்றத்தின் காலம் 2011-ல் முடிந்தது, அதோடு சரி. ஐந்து வருஷம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தியாக வேண்டும் என்று அரசியலமைப்பின் 243யு பிரிவு சொல்கிறது, நாம் ஆணையரை வைத்தே ஓட்டிக்கொண்டிருக்கிறோம். முதலில் மன்றம், அப்புறம் மார்க்கெட். இதுதான் என் கட்சி.

உப்பளம்72:
கேட்க நல்லாத்தான் இருக்கு சார். ஆனால் இந்த ஊரில் கவுன்சிலர் வேலையை யார் பார்க்கிறார்கள் என்று தெரியாத மாதிரி எழுதுகிறீர்களே. 2011 கணக்கெடுப்புப்படி காரைக்கால், மாகி, ஏனாம் எல்லாம் சேர்த்தே நாம் சுமார் பன்னிரண்டரை லட்சம் பேர், அதற்கு 30 எம்எல்ஏ. தொகுதிக்கு நாற்பதாயிரம் சொச்சம். எல்லை தாண்டிப் போனால் ஒரு எம்எல்ஏ தலையில் மூன்று லட்சம் ஜனம், அதனால் அங்கே கவுன்சிலர் இல்லாமல் முடியாது. இங்கே தெருவிளக்கு எரியவில்லை என்றாலும், வாய்க்கால் அடைத்துக்கொண்டாலும், பொண்ணுக்குக் காலேஜ் சீட் வேண்டும் என்றாலும் காலையில் எம்எல்ஏ வீட்டு வாசல்தான். அதற்கு மேல் வார்டுக்கு ஒருத்தரை உட்காரவைத்தால் வாய்க்கால் தூர்வாரும் டெண்டரில் இன்னொரு கமிஷன், வேறென்ன?

அப்புறம், 2014 நவம்பர் மழையில் கடற்கரைச் சாலையில் பழைய நகராட்சிக் கட்டடமான மேரி சரிந்தது ஞாபகம் இருக்கா? நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. மார்க்கெட்டில் காலை எட்டு மணிக்கு ஒரு தூண் விழுந்தால்? தேர்தல் வரட்டும் என்று சொல்வீர்களா?

முத்தியால்பேட்டைக்காரன்:
மேரியை நீங்களே இழுத்தது நல்லதாகப் போயிற்று. உலக வங்கி உதவியோடு அதை அப்படியே திரும்ப எழுப்பி 2021-ல் திறந்தார்கள், பளபளவென்று இருக்கிறது. நகராட்சி மன்றத்துக்கு மண்டபம் ரெடி, உள்ளே உட்கார மன்றத்தைத்தான் காணோம்!

எம்எல்ஏ வாசல் பற்றி. அங்கே என்ன பேசினோம், என்ன வாக்குக் கொடுத்தார் என்று எங்காவது பதிவாகிறதா? எதிர்க்கட்சி எம்எல்ஏ தொகுதியில் இருப்பவன் வாசலில் நின்று என்ன பயன், அவரே ஆணையர் அறைக்கு முன்னால் நிற்கிறார். மன்றம் என்றால் தீர்மானம் என்று ஒரு காகிதம் இருக்கும், யார் ஆதரித்தார், யார் எழுந்து போனார் என்பது அதில் இருக்கும். ஆணையரை மாற்றிவிட்டால் போன வருஷம் கொடுத்த வாக்குறுதிக்கு யாரைப் போய்ப் பிடிப்பது?

மஞ்சக்குப்பத்தான்:
பக்கத்து ஊர்க்காரன் நுழையலாமா? கடலூரை 2021-ல் மாநகராட்சி ஆக்கினார்கள், 2022 பிப்ரவரியில் 45 வார்டுக்கும் தேர்தல் நடந்தது, மேயர் வந்தார். ஏப்ரலில் சொத்து வரி ஏறியது. 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 25 சதவீதம், 1800-க்கு மேல் போனால் 100 சதவீதம். இதைக் கடலூர் மன்றமா யோசித்து முடிவு பண்ணியது? கோட்டையில் முடிவு பண்ணினார்கள், ஊருக்கு ஊர் மன்றத்தில் தீர்மானம் வைத்தார்கள். புது பஸ் ஸ்டாண்டை எம்.புதூரில் கட்டுகிற பேச்சு வந்தபோதும் ஊரில் எவ்வளவு எதிர்ப்பு, திருப்பாதிரிப்புலியூரில் ரயிலடி பக்கத்திலேயே இருக்கிறதை ஏன் அவ்வளவு தூரம் கொண்டுபோகிறீர்கள் என்று. 45 பேர் இருந்தும் அந்தச் சண்டை தெருவில்தான் நடந்தது. மன்றம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று கனவு காணாதீர்கள்.

ஒன்று மட்டும் ஒத்துக்கொள்கிறேன், எங்கள் வார்டில் தண்ணி வரவில்லை என்றால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று எனக்குத் தெரியும்.

உப்பளம்72:
பார்த்தீர்களா, அனுபவப்பட்டவர் சொல்கிறார். நன்றி சார்.

மஞ்சக்குப்பத்தான்:
கடைசி வரியை விட்டுவிட்டுப் படிக்காதீங்க தம்பி.

மீன்கூடை:
அண்ணன்மாருக்கு ஒரு விஷயம். எங்க அம்மா அந்த மார்க்கெட்டில் தரையில் உட்கார்ந்து மீன் விற்றவர், இப்போது அக்கா அதே இடத்தில் உட்காருகிறார். கடை நம்பர் இருப்பவர் வாடகை ரசீதைக் காட்டி எனக்கு இடம் கொடு என்று கேட்பார். தினம் அடிக்காசு கொடுத்து உட்காருகிறவருக்குக் கையில் என்ன இருக்கிறது? அன்றைக்கு வாங்கிய ஒரு துண்டுச் சீட்டு, அதுவும் மீன் தண்ணியில் நனைந்து கிழிந்துபோயிருக்கும். இடித்துக் கட்டினால் புதுக் கட்டடத்தில் கடைக்காரர் எப்படியும் உள்ளே வந்துவிடுவார், எங்களை மாடிக்கு ஏற்றுவார்களா, இசிஆருக்கு அனுப்புவார்களா? மீன் ஏலத்தை இசிஆர் நவீன அங்காடிக்கு மாற்றப் பார்த்தபோது பெண்கள் எல்லோரும் ரோட்டில் உட்கார்ந்தது நினைவிருக்கும். கட்டடம் நல்லாத்தான் இருக்கு, டைல்ஸ் எல்லாம் போட்டு. பாகூரிலிருந்தும் திருக்கனூரிலிருந்தும் பஸ்ஸில் வருகிறவள் அங்கே ஏலம் எடுத்துவிட்டுக் கூடையோடு மறுபடி எங்கே போய் விற்பாள், அந்த ஆட்டோ காசை யார் கொடுப்பது என்று யாராவது முன்னாடியே கேட்டிருந்தால் அவ்வளவு தூரம் போயிருக்காது.

உப்பளம் அண்ணன் சொல்வதும் பொய் இல்லை. மழைக்காலத்தில் அங்கே கணுக்கால் வரை சேறு, கழிவறை பற்றிச் சொல்லவே வேண்டாம். புதுசு வேண்டும். திரும்ப வர இடம் இருக்கிறதா, அதைச் சொல்லிவிட்டு இடிக்கட்டும்.

உழவர்கரைவாசி:
மார்க்கெட் மட்டும்தானா பிரச்சினை? 2024 ஜூனில் எங்கள் பக்கம் ரெட்டியார்பாளையம் புதுநகரில் பாதாளச் சாக்கடை விஷவாயு வீட்டுக் கழிவறை வழியாக ஏறி 3 பேர் செத்துப்போனார்கள், அதில் ஒன்று பள்ளிக்கூடம் போகிற பெண். தெருவுக்குத் தெரு கவுன்சிலர் இருந்திருந்தால் நாற்றம் வருகிறது என்று ஜனம் சொல்வது மேலே போயிருக்கும்.

உப்பளம்72:
அந்தச் சாவை வைத்து வாதம் பண்ண எனக்கு மனசு வரவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பாதாளச் சாக்கடை இங்கே பொதுப்பணித் துறை கையில் இருக்கிறது, குடிதண்ணீரும் அவர்களிடம்தான். கவுன்சிலர் சத்தம் போட்டால் ஆணையர் கடிதம் எழுதுவார், கடிதம் பொறியாளர் மேஜைக்குப் போகும். அதிகாரத்தைக் கைமாற்றாமல் நாற்காலி மட்டும் போட்டு என்ன?

முத்தியால்பேட்டைக்காரன்:
இது சரியான கேள்வி, இதைத்தான் நானும் கேட்கிறேன். 74-வது திருத்தத்தோடு வந்த 12-வது அட்டவணையில் தண்ணீர், சுகாதாரம், குப்பை, நகரமைப்பு என்று 18 வேலைகள் வரிசையாக இருக்கின்றன. அதில் எத்தனை நம் நகராட்சிக்கு வந்திருக்கிறது? கேட்க ஆளில்லை என்பதால்தானே துறைகள் விடாமல் வைத்திருக்கின்றன. மன்றம் இருந்தால்தான் எனக்குக் கொடு என்று சண்டை பிடிக்க ஒரு தரப்பே உருவாகும்.

இன்னொன்று, தேர்தல் நடத்தாததால் மத்திய நிதி எவ்வளவு நமக்கு வராமல் போகிறது தெரியுமா?

ரசீதுக்கட்டு:
அங்கே நிறுத்துங்க சார், எல்லா மேடையிலும் இதைச் சொல்கிறார்கள். தமிழ்நாட்டுக்கு அது பொருந்தும், 2016-க்கு அப்புறம் தேர்தல் தள்ளிப்போனதால் அங்கே மானியம் நின்றது. நம் ஊர் யூனியன் பிரதேசம், மத்திய நிதிக்குழு வரம்புக்குள்ளேயே நாம் இல்லை, அதில் சேர்க்கச் சொல்லி எந்த ஆட்சி வந்தாலும் டில்லிக்குக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதனால் நாளைக்கே தேர்தல் நடத்தினாலும் அந்த வழியில் பணம் தானாகக் கொட்டாது. சொத்து வரி, கடை வாடகை, அரசு கொடுக்கும் மானியம், இவ்வளவுதான் கைக்காசு. தேர்தல் வேண்டும் என்று நானும் சொல்வேன், ஆனால் காசு வரும் என்று ஆசை காட்டி இல்லை. மார்க்கெட் வாடகை எவ்வளவு, நிலுவை எவ்வளவு, அடிக்காசுக் குத்தகை யாருக்கு எவ்வளவுக்குப் போகிறது, இதை வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு மன்றத்தின் முன்னால் வைத்துக் கேள்வி கேட்கவாவது ஆள் வேண்டும் என்பதற்காக.

உப்பளம்72:
2021-ல் தேதி வரைக்கும் அறிவித்தார்களே, என்ன ஆச்சு? இட ஒதுக்கீடு வழக்கில் நின்றது. நாளைக்கு அறிவித்தாலும் வார்டு பிரித்தது தப்பு என்று யாராவது கோர்ட்டுக்குப் போவார்கள். அதுவரை மீன்கூடை தங்கச்சியோட அக்கா சேற்றில் உட்கார வேண்டுமா?

மீன்கூடை:
எங்க அக்கா பெயரைச் சொல்லி ரெண்டு பக்கமும் அடித்துக்கொள்ளாதீங்க அண்ணே. இப்போது யார் எங்கே உட்காருகிறார்கள் என்று ஒரு பட்டியல் எடுங்க, கடைக்காரர், தரைக்கடை, தலையில் கூடையோடு வந்து போகிறவர் எல்லாரையும் சேர்த்து, ஆம்பளை பெயரில் எழுதாமல் உட்காருகிறவள் பெயரிலேயே எழுதி. மார்க்கெட் வாசலில் ஒட்டுங்க. அதற்குத் தேர்தலும் வேண்டாம், கட்டடமும் வேண்டாம்.

முத்தியால்பேட்டைக்காரன்:
சரி, மனுவில் இதை முதல் வரியாகப் போடுகிறேன். பட்டியல் ஒட்டாமல் ஒரு கல்லையும் எடுக்கக் கூடாது, மன்றம் வரும்வரை இடிக்கக் கூடாது. உப்பளம் சார், கையெழுத்துப் போடுவீர்களா?

உப்பளம்72:
பட்டியலுக்குப் போடுகிறேன். மன்றம் வரும்வரை என்ற வரியை எடுங்க.

முத்தியால்பேட்டைக்காரன்:
எடுக்க மாட்டேன்.

ரசீதுக்கட்டு:
ரெண்டு மனுவாக எழுதுங்கப்பா. அடிக்காசுக் கணக்கு கேட்கிறது எதில் வருகிறதோ அதில் என் கையெழுத்து.